டபுள் கிளவுஸ்

பிப்ரவரி 9

நைட் டூட்டி முடிஞ்சு ஹேண்ட்ஓவர் குடுக்கறப்போ காலைல வந்த அக்கா காதுகிட்ட குனிஞ்சு "பதினொண்ணாம் பெட் ரெட்ரோ, பாத்துக்கோங்கக்கா"ன்னேன். ரெட்ரோன்னா எச்.ஐ.வி பாசிட்டிவ்னு எங்க வார்டு பாஷை. சொன்னப்புறம்தான் உறைச்சது, பத்தாம் பெட்டுக்கு சுகர்னு சொல்றப்போ நான் குனியவே இல்லயே. பதினொண்ணோட கேஸ் ஷீட் மேல வேற யாரோ சிவப்பு பேனால பெரிய வட்டம் போட்டு வெச்சிருக்காங்க, அவரப் பாக்க வந்த மச்சினன் அதையே உத்துப் பாத்துட்டு நின்னாரு. ஒருத்தரோட எச்.ஐ.வி நிலைய வெளிய காட்டக்கூடாதுன்னு 2017 சட்டத்துலயே இருக்கு. டிரெயினிங்ல இதே கேள்விக்கு சரியா டிக் அடிச்சவதான் நான்.

பிப்ரவரி 11

பதினொண்ணாம் பெட்டுக்காரருக்கு ஹெர்னியா ஆபரேஷன். லிஸ்ட்ல மூணாவதா இருந்தவர கடைசிக்குத் தள்ளி, காலைலேர்ந்து பட்டினி போட்டு, மூணு மணிக்கு மேல "இன்னிக்கு டைம் ஆயிடுச்சு, அடுத்த வாரம்"னு அனுப்பிட்டாங்க. ஏன் கடைசின்னா ஓ.டி, அதான் ஆபரேஷன் தியேட்டர், கழுவணுமாம். மத்த கேஸுக்கு அப்ப கழுவறதே இல்லயா? மனுஷன் ஆறு வருஷமா எச்.ஐ.விய அடக்கி வெக்கற ஏ.ஆர்.டி மாத்திரைய ஒரு நாள் விட்டதில்ல, வைரல் லோடு, அதாவது ரத்தத்துல கிருமியோட அளவு, டெஸ்ட்ல பிடிபடாத அளவுக்குக் குறைஞ்சிருக்கு, வீட்டம்மாவுக்கு நெகட்டிவ். சண்டையெல்லாம் போடல, "சிஸ்டர், இப்பவாச்சும் காபி குடிக்கலாமா?"ன்னுதான் கேட்டாரு. ஆயாம்மா எல்லாருக்கும் டம்ளர்ல குடுத்துட்டு இவருக்கு மட்டும் பேப்பர் கப்புல ஊத்தி ஸ்டூல்ல வெச்சுட்டுப் போயிட்டாங்க. திட்டலாம்னு வாயத் தொறந்தேன், வரல. அவங்களுக்கு யாரு உக்கார வெச்சு சொல்லிக் குடுத்தா, இங்க கிளாஸ் நடந்தா எங்களத்தான கூப்பிடறாங்க.

நாட்டுலயே முதல்ல இந்த கிருமியக் கண்டுபிடிச்சது சென்னைல, 1986ல, டாக்டர் சுனிதி சாலமனும் அவங்க ஸ்டூடண்ட் நிர்மலாவும். கிட்டத்தட்ட 40 வருஷம் ஆச்சு, நாம இன்னும் பேப்பர் கப்புலயே நிக்கறோம்.

பிப்ரவரி 12

கை நடுக்கம் இன்னும் நிக்கல. ஊசி குத்திடுச்சு. பதினொண்ணுகிட்ட இல்ல, அவருக்கு ஐவி போட்டப்போ டபுள் கிளவுஸ் போட்டுட்டு பூ மாதிரி வேல பாத்தேன். நாலாம் பெட் தாத்தாவுக்கு, வெறும் கையோட, ரத்தம் எடுத்துட்டு ஊசிக்கு மூடிய திரும்ப மாட்டப் போய் கட்டைவிரல்ல ஏறிடுச்சு. மூடி மாட்டக்கூடாதுன்னு தெரியும், குத்தின எடத்தப் பிழியக்கூடாதுன்னும் தெரியும், ஆனா குழாயடில நின்னு பிழிபிழின்னு பிழிஞ்சேன்.

எவ்வளவு சீக்கிரம் முடியுமோ, முடிஞ்சா ரெண்டு மணி நேரத்துக்குள்ள, போனாப் போகுதுன்னா 72 மணி நேரத்துக்குள்ள எச்.ஐ.வி ஒட்டாமத் தடுக்கற மாத்திரைய ஆரம்பிக்கணும், 28 நாள் சாப்பிடணும். இன்சார்ஜ் சிஸ்டர்தான் தரதரன்னு ஏ.ஆர்.டி சென்டருக்கு இழுத்துட்டுப் போனாங்க. அங்க பெஞ்சுல உக்காந்ததும் நான் முதல்ல செஞ்ச காரியம் மாஸ்க்க மூக்குக்கு மேல ஏத்தினது. தெரிஞ்சவங்க யாராச்சும் பாத்துட்டா?

பிப்ரவரி 13

தாத்தாகிட்ட விஷயத்தச் சொல்லி சம்மதம் வாங்கி டெஸ்ட் பண்ணாங்க. எச்.ஐ.வி நெகட்டிவ், என் மாத்திரைய நிறுத்தியாச்சு. அப்பாடான்னு மூச்சு விடறதுக்குள்ள அடுத்த ரிப்போர்ட், ஈரலத் தாக்கற ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ். ஊசி குத்தினா எச்.ஐ.வி ஒட்டறது ஆயிரத்துல மூணு பேருக்கு, தடுப்பூசி போடாதவங்களுக்கு ஹெபடைடிஸ் பி நூத்துல 30 வரைக்கும் போகலாம். அந்தத் தடுப்பூசில மூணாவது டோஸ் நான் போட்டுக்கவே இல்ல, நாளைக்கு நாளைக்குன்னு நாலு வருஷம் ஓட்டிட்டேன். இன்னிக்கு கிருமிய எதிர்க்கற ரெடிமேட் ஆன்டிபாடி ஊசி, இம்யூனோகுளோபுலின், ஒண்ணு, விட்டுப்போன டோஸ் ஒண்ணு, ரெண்டும் போட்டு ரெண்டு பக்கமும் வலி.

பிப்ரவரி 16

நாளைக்கு ஓ.டி லிஸ்ட் ஒட்டிட்டாங்க. பதினொண்ணாம் பெட் மறுபடியும் கடைசி. கேஸ் ஷீட்டோட மேல் அட்டையக் கிழிச்சுட்டு புதுசு போட்டு பேர் மட்டும் எழுதி வெச்சேன். தாத்தா ஷீட்டையும் எடுத்துப் பாத்தேன், அதுல இதுவரைக்கும் யாரும் வட்டம் போடல.