விளைச்சல் குறையாமலே விலை ஏறுவது ஏன்?

2008-இல் உலகில் அரிசிக்குப் பஞ்சம் வரவில்லை. விளைச்சலும் சரியவில்லை. ஆனாலும் ஆண்டுத் தொடக்கத்தில் டன்னுக்கு 400 டாலருக்குக் கீழே இருந்த தாய்லாந்து அரிசி, நான்கைந்து மாதங்களில் 1,000 டாலரை நெருங்கியது.

காரணம் வயலில் இல்லை. உலகில் விளையும் அரிசியில் பெரும்பங்கு விளைந்த நாட்டிலேயே உண்ணப்படுகிறது. எல்லை தாண்டி விற்பனைக்கு வருவது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். 2007 அக்டோபரில் இந்தியா ஏற்றுமதிக்குக் கடிவாளம் போட்டது, அடுத்து வியட்நாமும். பெரிய இறக்குமதி நாடான பிலிப்பைன்ஸ் என்ன விலையானாலும் சரி என்று டெண்டர் விட்டது. விற்பவர் பதுக்க, வாங்குபவர் முந்த, அந்தச் சின்னப் பங்கின் விலை எகிறியது. தன்னிடம் தேங்கியிருந்த இறக்குமதி அரிசியை விற்கத் தயார் என்று ஜப்பான் சொன்னதும், மூட்டைகள் கப்பலேறும் முன்பே விலை இறங்கத் தொடங்கியது. அச்சம் ஏற்றிய விலை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

ஆகவே ‘உலக உற்பத்தி இவ்வளவு கோடி டன்’ என்ற எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடைவது தவறு. கையிருப்புக் கணக்கும் அப்படித்தான். உலகக் கோதுமைக் கையிருப்பில் ஏறத்தாழப் பாதி சீனாவில் இருக்கிறது. அது சந்தைக்கு வராது. அதைக் கழித்துவிட்டு, முக்கிய ஏற்றுமதி நாடுகளிடம் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். நெருக்கடி வந்தால் கைகொடுக்கக்கூடியது அதுதான்.

ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் மாதாந்திர விலைக் குறியீட்டையும் பிரித்தே படிக்க வேண்டும். தானியம், சமையல் எண்ணெய், பால்பொருள், இறைச்சி, சர்க்கரை ஆகிய ஐந்தின் சராசரி அது. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. ஆகஸ்டில் அரிசிக் குறியீடு 15 ஆண்டுகளில் காணாத உச்சத்துக்குப் போனது. அதே மாதம் மொத்தக் குறியீடோ இறங்கியது! சோற்றை நம்பி வாழும் குடும்பத்துக்குச் சராசரியால் என்ன பயன்?

இன்னொரு ஆபத்து தாமதமாக வரும்: உரம். இயற்கை எரிவாயுவிலிருந்து அம்மோனியா, அதிலிருந்து யூரியா. அம்மோனியாவின் உற்பத்திச் செலவில் பெரும்பகுதி எரிவாயுதான். 2021 இலையுதிர்காலத்தில் எரிவாயு விலை ஏறியபோது ஐரோப்பிய ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தன. இன்று யூரியா விலை ஏறினால் அதன் விளைவு அடுத்த அறுவடையில்தான் தெரியும். விவசாயி எந்த உரத்தைக் குறைக்கிறார் என்பதும் முக்கியம். மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) மண்ணில் ஓரளவு தங்கியிருக்கும், ஒரு பருவம் குறைத்தாலும் பயிர் பெரும்பாலும் தாங்கும். யூரியா தரும் தழைச்சத்தை (நைட்ரஜன்) குறைத்தால் அதே பருவத்தில் மகசூல் விழும்.

இந்த விலையேற்றம் ஒரு நாட்டின் பொருளாதாரத்தில் எப்படி இறங்குகிறது? ஒரு கணக்குப் போடுவோம். கோதுமையின் டாலர் விலை 30 சதவீதம் ஏறுகிறது; அதே நேரத்தில் இறக்குமதி செய்யும் நாட்டில் டாலரின் விலை 25 சதவீதம் கூடுகிறது. 1.30 × 1.25 = 1.625. உள்ளூர்ப் பணத்தில் ஏற்றம் 62.5 சதவீதம். 55 அல்ல, இரண்டும் ஒன்றையொன்று பெருக்கும். 2022-இல் பல நாடுகள் இப்படி இருபுறமும் அடிபட்டன.

யாருக்கு எவ்வளவு வலிக்கும் என்பது, தட்டுக்கு வரும் பொருளின் விலையில் தானியத்துக்கு எவ்வளவு பங்கு என்பதைப் பொறுத்தது. பாக்கெட் ரொட்டி விலையில் கோதுமை 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், கோதுமை 50 சதவீதம் ஏறினாலும் ரொட்டி 5 சதவீதமே ஏறும். தானியமாக வாங்கி அரைத்துச் சாப்பிடும் வீட்டில் அந்த 50-ம் ஏறக்குறைய முழுதாக இறங்கும். அந்த வீடு முதலில் பருப்பையும் பாலையும் குறைக்கும், பிறகு மருந்தை, பிறகு பள்ளிக் கட்டணத்தை. உணவோடு தொடர்பே இல்லாத கடைகளிலும் விற்பனை படுக்கும். மத்திய வங்கி வட்டியை உயர்த்தினால் நாணயச் சரிவு ஓரளவு தடுக்கப்படலாம், ஆனால் கப்பலில் வரும் கோதுமையின் அளவு அதிகரிக்காது. அரசு மானியம் கொடுத்து விலையை அடக்கினால் இறக்குமதி குறையாது, அந்நியச் செலாவணி கரையும்.

இறக்குமதியை நம்பும் நாடு செய்யக்கூடியது, விலை அமைதியாக இருக்கும்போதே இரண்டு மூன்று மாதத் தேவையைத் தவணை தவணையாக, வெவ்வேறு நாடுகளிடமிருந்து வாங்கி வைப்பது. கிடங்கில் தானியத்தின் ஈரப்பதம் 12, 13 சதவீதத்தைத் தாண்டவிடக் கூடாது; தாண்டினால் பூஞ்சையும் வண்டும் முந்திக்கொள்ளும். பழைய சரக்கை முதலில் வெளியே விட்டு, புதியதை உள்ளே வைக்க வேண்டும். இதற்கு வாடகையும் வட்டியும் ஆண்டுதோறும் ஆகும். நெருக்கடி வராத ஆண்டுகளில் அது வீண்செலவாகத் தோன்றும். பட்ஜெட்டில் முதலில் வெட்டப்படுவதும் இதுவே. அப்படி வெட்டிய நாடுகள்தான் அடுத்த தடை வரும்போது உச்ச விலையில் டெண்டர் விடுகின்றன.