தப்பின் ஒலியைப் பிடித்தல்: மூன்றாம் முயற்சி

மலையகத்தில் ஆடப்படும் காமன் கூத்துக்குத் தப்பு என்னும் தோற்பறையை அடிக்கும் எங்கள் மாமாவின் வாசிப்பைப் பழுதின்றிப் பதிவுசெய்ய வேண்டும் என்ற ஆசையில், ஹட்டனுக்கு அருகிலுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில்) நான் மேற்கொண்ட மூன்றாவது ஒலிப்பதிவு சென்ற ஞாயிறன்று ஓரளவு கைகூடியது.

முதற்பதிவு பாழானதற்கு, கெயினும் வால்யூமும் ஒன்றே என நான் எண்ணியிருந்ததே காரணம். மைக்கிலிருந்து வரும் மெல்லிய மின்சைகையை எந்த அளவுக்குப் பெருக்கி உள்ளே எடுப்பது என்பதைத் தீர்மானிப்பது கெயின். பதிவானதை எவ்வளவு உரக்கக் கேட்பது என்பதே வால்யூம். டிஜிட்டல் பதிவில் 0 டெசிபல்தான் உச்சவரம்பு. அதைத் தாண்டும் ஒலியலையின் முகடு வெட்டுண்டு போவதையே கிளிப்பிங் என்கிறார்கள். பிறகு வால்யூமை எவ்வளவு குறைத்தாலும் அந்த முகடு மீளாது. கணினித் திரையில் அலையைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடிகளைப் போல ஒவ்வோர் அடியின் உச்சியும் ஒரே மட்டத்தில் நின்றது.

இரண்டாம் முறை கெயினைக் கவனமாகக் குறைத்தும் அதே குறை நேர்ந்தது. மாமா தப்பைத் தீயில் காய்ச்சுவதற்கு முன்பே நான் அளவு பார்த்துவிட்டேன். சூடேறித் தோல் இறுகியதும் ஒலி கூர்மையாகவும் உரத்தும் எழுந்து வரம்பைக் கடந்துவிட்டது.

ஆகவே இம்முறை தோல் காய்ந்த பின்னரே, அவரால் இயன்ற மட்டும் ஓங்கி அடிக்கச் சொல்லி, உச்சம் -12 டெசிபலைத் தாண்டாதவாறு கெயினை நிறுத்தினேன். மெல்லிய ஒலியையும் நுணுக்கமாக அளந்து பதியும் 24 பிட்டில் பதிவதால், இவ்வளவு இடம் விட்டாலும் இரைச்சல் தொல்லை தருவதில்லை. மைக் கம்பி வழியாகவே வரும் 48 வோல்ட் பாண்டம் மின்சாரம் வேண்டும் கண்டென்சர் மைக், தகரக்கூரையில் விழும் தூறலைக்கூட விடாமல் பிடித்ததால், அவ்வளவு நுண்ணுணர்வு இல்லாத டைனமிக் மைக்குக்கு மாறினேன். அது கார்டியொயிட் வகை. முன்னால் வருவதை நன்றாகவும் பின்னால் வருவதை மிகக் குறைவாகவும் வாங்கும் என்பதால், அதன் முதுகை ஓடையின் பக்கம் திருப்பி வைத்தேன். இத்தகைய மைக்கை மிக நெருக்கமாக வைத்தால் அடித்தொனி மிகைப்படும் என்பதால், தப்புக்கு ஒரு மீற்றர் தள்ளி நிறுத்தினேன். மடிகணினியின் சார்ஜரைக் கழற்றியதும், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ரீங்காரமும் அடங்கியது.

ஹெட்போனில் கேட்ட மாமா, "பெரிய குச்சி சரியா விழுது தம்பி, சின்னக் குச்சிதான் எட்டக் கேக்குது" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. அடுத்த முறை மைக்கைச் சின்னக் குச்சி விழும் பக்கமாக ஒரு சாண் நகர்த்திப் பார்க்கப்போகிறேன்.