முன்வாசலா பின்வாசலா

செட்டிநாட்டு வீட்டைப் பழுதுபார்க்கிறோம் என்றால் எல்லாரும் பர்மா தேக்கையும் ஆத்தங்குடிக் கல்லையும்தான் விசாரிப்பார்கள். காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டை ஊர் நூலகமாக்கும் வேலையில் தளப் பொறியாளராக இருந்தேன். அங்கே எங்களை அதிகம் இழுத்தடித்தது கையெழுத்து வாங்கும் வேலை. வளவு என்கிற நடுமுற்றத்தைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும், தனித்தனி, வீடு எல்லாருக்கும் பொது. பங்காளிகளோ திசைக்கொருவர். 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்ததும் அங்கே செட்டியார்கள் நடத்திய லேவாதேவி, அதாவது வட்டித் தொழில், படுத்துவிட்டது. அப்புறம் பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போன குடும்பங்களின் வீடுகள் பல இப்படித்தான் பூட்டிக் கிடக்கின்றன.

சுவர்களுக்கு வயதால் வந்த கேட்டைவிட, நடுவில் யாரோ நல்லெண்ணத்தில் பூசிய சிமெண்டால் வந்த கேடு அதிகம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி உப்புப் பூத்துவிடும். அதைக் கொத்தி எடுத்துவிட்டு, ஊறவைத்து அரைத்த சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்துப் பூசினோம். கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு. கொத்தனார் உள்ளங்கையளவு வழுவழுப்பான கல்லால் தேய்க்க ஆரம்பித்தால், டீ வந்தாலும் திரும்ப மாட்டார். "நிறுத்துனா தடம் விழுந்துரும் சார்" என்பார்.

நிஜமான சண்டை வாசலைப் பற்றித்தான். திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கும் வீடு அடுத்த தெருவில் முடிகிறது. அந்தக் காலத்தில் வீட்டு வேலைக்கு வந்த ஊர்க்காரர்களுக்குப் பின்வாசல். முன்பக்கம் வந்தால் திண்ணையோடு சரி. நூலகத்தைப் பின்கட்டிலேயே வைக்கலாமே என்றார்கள் சில பங்காளிகள். வரைபடப்படி அது வசதிதான், கிணறும் கழிப்பறைக் குழாயும் அங்கேதான். ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. பிள்ளைகள் இன்னமும் கொல்லைப்புறமாக வரவேண்டும் என்றால் இத்தனை பாடு எதற்கு? வயதில் மூத்த ஓர் ஆச்சிதான் முடித்துவைத்தார். "கல்யாணத்துக்குத் தெறக்குற கதவுதானே, படிக்கத் தெறந்தா என்ன?"

முன்னோருக்குப் படையலிடும் படைப்பு நடக்கும் நாட்களில் நூலகத்துக்கு விடுமுறை என்று எழுதிக்கொண்டு முன்வாசலைத் திறந்தோம். பழைய கற்படிகளை உடைக்காமல், கழற்றி எடுக்கிற மாதிரி மரச் சாய்தளம் போட்டிருக்கிறோம். தெரு குறுகல் என்பதால் சரிவு கொஞ்சம் அதிகம். சக்கர நாற்காலியைப் பின்னாலிருந்து ஒருவர் பிடித்துத் தள்ள வேண்டியிருக்கிறது.