அந்த 50 கல்

"அண்ணே, நாளைக்கு நானும் ஒரு அச்சுல கலர் ஊத்திப் பாக்கட்டுமா?"

எங்கள் ஆத்தங்குடித் தரைக்கல் கொட்டகையில் கண்ணாடி துடைக்கிற அக்கா கேட்டது இவ்வளவுதான். மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். "50 கல் ஊத்தட்டும், பார்ப்போம்" என்றேன். மறுக்கவில்லையே, வாய்ப்புதானே கொடுத்தோம் என்று அன்றைக்கு இருந்தது. இப்போது அந்த 50தான் உறுத்துகிறது.

ஆத்தங்குடிக் கல்லுக்குச் சூளை கிடையாது. பளபளப்பு முழுக்கக் கண்ணாடி கொடுப்பது. கண்ணாடிமேல் சட்டம், அதற்குள் அச்சு, அச்சின் கட்டங்களில் கரண்டியால் கலர். அச்சைத் தூக்கியதும் உலர்ந்த சிமெண்டு மணல் தூவி, மேலே ஈரக் கலவை போட்டுச் சமப்படுத்த வேண்டும். கலரில் தண்ணி கூடினால் அச்சைத் தூக்கும்போதே சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். குறைந்தால் மூலை நிரம்பாது, ஊசித்துளை விழும். கண்ணாடியில் விரல் பட்ட பிசுக்கு இருந்தால் அந்த இடம் மங்கும். கல் கழன்று வந்த பிறகுதான் அது கண்ணில் படும்.

50இல் 11 கழிந்தது. கலர் ஓடியது 2. மீதி 9உம் மங்கல். மங்குவது கலர் ஊற்றுகிறவர் குற்றமே இல்லை. அன்றைக்குக் கண்ணாடி துடைத்தது புதுப்பையன். அக்காவை மேசைக்கு அனுப்பிய நாங்கள் அந்த இடத்துக்கு யாரையும் பழக்கவில்லை. ஊற்றுவதற்கு முன்பே அக்கா கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, "இது சரியில்லண்ணே" என்றார். "நீ ஊத்து ஆத்தா" என்றார் மேஸ்திரி. நானும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். ஆர்டர் நெருக்கம், உண்மைதான். ஆனால் கண்ணாடியைப் பற்றி அவரைவிடத் தெரிந்தவர் அந்தக் கொட்டகையில் வேறு யார்?

கலர் ஊற்றும் பையன்கள் யாருக்கும் 50 கல் சோதனை வைத்ததில்லை. அவர்கள் சாயங்காலம் வேலை முடிந்து, மாதக்கணக்கில் கல்லைக் கெடுத்துக் கெடுத்துத்தான் பழகினார்கள். அந்த நேரத்தில் அக்காவுக்கு ஊர் பஸ், வீட்டு உலை. 1976 சம ஊதியச் சட்டத்தில் 1987 திருத்தம் பயிற்சியிலும் பதவி உயர்விலும்கூட ஆண் பெண் பேதம் கூடாது என்றது. எங்கள் பேதம் நேரத்தில் ஒளிந்திருந்தது.

இப்போது பழக்குவது பகலில், கூலியோடு. முதல் 200 கல்லின் கழிவைக் கணக்கில் எடுப்பதில்லை; ஒவ்வொரு கழிவுக்கும் தண்ணியா, அச்சா, கண்ணாடியா என்று காரணம் எழுதுகிறோம். ஒரே ஒரு பெண்ணை மட்டும் நிறுத்தினால் எல்லாக் கண்ணும் அவர் மேல்தான் இருக்கும், அதனால் இருவராகச் சேர்த்து நிறுத்துகிறோம். இது போதுமா? கலர் ஊற்றும் நாளில் கலர் கூலி போடுகிறோம், மற்ற நாளில் பழைய கூலிதான். கண்ணாடி துடைப்பது குறைந்த வேலை என்று எந்தக் கணக்கில் முடிவு செய்தோம் என்று மேஸ்திரியிடம் கேட்டேன். எப்பவும் அப்படித்தான் என்றார்.

அக்கா இன்றும் முதல் அச்சு வைக்கும் முன் தன் கண்ணாடியைத் தானே இன்னொரு முறை துடைத்துக்கொள்கிறார். அந்தக் கால் மணி நேரத்தை எந்தக் கூலியில் எழுதுவது என்று இன்னும் முடிவாகவில்லை.