போக்கர் கணக்கு: 47 சீட்டில் 9 ஆர்ட்டின்

தென்மேல் பருவமழை பிடித்ததிலிருந்து அட்டனில் எங்கள் வீட்டில் டெக்சாஸ் ஹோல்டெம் என்ற போக்கர் ஆட்டம் பழகிக்கொண்டிருக்கிறோம். நான், மச்சான், பக்கத்து வீட்டுத் தம்பி, அவனுடைய கூட்டாளி ஒருவன். காசு கிடையாது, தீக்குச்சிதான் பந்தயம். ஆட்ட விதிகள் ஒரே மாலையில் பிடிபட்டுவிட்டன: ஆளுக்கு இரண்டு சீட்டு கையில்; நடுவில் எல்லாருக்கும் பொதுவாக முதலில் மூன்று, பிறகு ஒவ்வொன்றாக இரண்டு திறக்கும்; இடையிடையே பந்தயம்; இந்த ஏழில் நல்ல ஐந்தைச் சேர்த்தவருக்குக் குவியல். கணக்குத்தான் என்னை இழுத்து உட்கார வைத்திருக்கிறது.

304 என்ற சீட்டாட்டம் விளையாடி வளர்ந்தவர்களுக்குப் போக்கர் முதலில் வேறு உலகமாக இருக்கும். அங்கே நாலு பேர் ஆடினால் 32 சீட்டும் எட்டெட்டாகக் கைக்குப் போய்விடும். விழுந்த துரும்பை ஞாபகம் வைத்திருந்தால் மிச்சம் யாரிடம் இருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். இங்கே 52 சீட்டில் பெரும்பகுதி கட்டிலேயே கிடக்கும். ஞாபகத்துக்கு வேலை குறைவு. நான் பார்க்காத சீட்டு எத்தனை, அதில் எனக்கு உதவுவது எத்தனை, அவ்வளவுதான் கேள்வி.

கையில் ஆர்ட்டின் ஏஸும் ஆர்ட்டின் ஏழும் இருக்கிறது என்று வையுங்கள். நடுவில் ஆர்ட்டின் கிங், ஆர்ட்டின் நாலு, ஸ்பேட் ஒன்பது திறந்திருக்கிறது. ஐந்தைப் பார்த்தாயிற்று, பார்க்காதது 47. இன்னொரு ஆர்ட்டின் விழுந்தால் ஃப்ளஷ், அதாவது ஒரே இனத்தில் ஐந்து சீட்டு; அப்படி 9 சீட்டு மிச்சம். அடுத்த சீட்டே ஆர்ட்டினாக இருக்க வாய்ப்பு 47இல் 9, அதாவது 19 சதவீதம். இனி திறக்கும் இரண்டு சீட்டிலும் வராமல் போவது 38/47ஐ 37/46ஆல் பெருக்கினால் 65 சதவீதம். ஆகவே இரண்டில் ஒன்றாவது வருவது 35. மனக்கணக்குக்கு அந்த 9ஐ ஒரு சீட்டென்றால் இரண்டால், இரண்டு சீட்டென்றால் நாலால் பெருக்கச் சொல்வார்கள். 18, 36 என்று கிட்டத்தட்ட வந்துவிடும்.

இந்த நாலால் பெருக்குவதில்தான் விஷயமே இருக்கிறது. குவியலில் 60 குச்சி, எதிராளி 30 வைக்கிறார். நான் 30 போட்டால் மொத்தம் 120. அதில் என் பங்கு கால்வாசி, அதனால் 25 சதவீதமாவது வெல்லும் வாய்ப்பு வேண்டும். 36 இருக்கிறதே என்று கையை நீட்டத் தோன்றும். ஆனால் அந்த 30 குச்சி எனக்கு ஒரு சீட்டைத்தான் காட்டும். அடுத்த சீட்டுக்கு அவர் மறுபடி பந்தயம் கேட்கலாம். அந்தக் கணக்கில் என் கையில் இருப்பது 19தான், போதாது. ஃப்ளஷ் விழுந்த பிறகு அவரிடமிருந்து இன்னும் குச்சி பெயரும் என்று நம்பினால் மட்டும் போடலாம். அதுவே அவருடைய கடைசி 30 குச்சி என்றால் இரண்டு சீட்டையும் பார்த்துவிடலாம், 35க்குத் தாராளமாகப் போடலாம். சீட்டு அதே, குச்சி அதே, பதில் மட்டும் தலைகீழ். இது புரிந்த மாலை எனக்கு அத்தனை சந்தோஷம்.

அப்புறம், 9 என்பது எப்போதும் முழு 9 இல்லை. எதிராளியிடம் கிங்கும் ஒன்பதும் இருந்தால் ஆர்ட்டின் ஒன்பது எனக்கு ஃப்ளஷ் தரும், அவருக்கு அதை வெல்லும் ஃபுல் ஹவுஸ் (மூன்று ஒன்பது, இரண்டு கிங்) தரும். அந்தச் சீட்டைக் கழித்துவிட வேண்டும். மாறாக அவரிடம் ஒற்றைக் கிங் ஜோடி மட்டும் என்றால் மிச்ச மூன்று ஏஸும் எனக்குச் சாதகம். இதைச் சூத்திரம் சொல்லாது, எதிரில் இருப்பவர் ஆடுகிற விதத்தைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும்.

இதைச் சோதிக்கக் கொப்பியில் பதிகிறேன். அந்த ஐந்து சீட்டையும் ஒதுக்கி, மிச்ச 47ஐக் கலைத்து, இரண்டைத் திருப்புவேன். ஆர்ட்டின் வந்தால் சரி, வராவிட்டால் புள்ளடி. முதல் பக்கத்தில் புள்ளடி வரிசையாக ஓடியது. பக்கங்கள் கூடக் கூடத்தான் மூன்றில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே வந்து நிற்கத் தொடங்கியது. “அண்ணே, போன ரவுண்டுல வந்துச்சே, இப்பவும் வரும்” என்று தம்பி சொல்லும்போதெல்லாம் கொப்பியை நீட்டுகிறேன். சரிக்கு அடுத்த வரியில் சரியும் இருக்கிறது, புள்ளடியும் இருக்கிறது. கலைத்த கட்டுக்குப் போன ரவுண்டு பற்றி ஒன்றும் தெரியாது.

அடுத்து எடுத்திருப்பது பொய்ப் பந்தயம். 60 குச்சிக் குவியலில் ஒன்றுமில்லாத கையோடு 30 வைத்தால், மூன்றில் ஒரு தடவை எதிராளி சீட்டைக் கீழே போட்டு விலகிவிட்டாலே நட்டமில்லை. மச்சான் அத்தனை தடவை விலகுவாரா என்பதைத்தான் இப்போது பதிந்துகொண்டிருக்கிறேன்.