கோடைகால ஆங்கில வகுப்பு: ஷெஃபீல்ட் நாட்குறிப்பு

2024 ஜூலை 8

ஐஇஎல்டிஎஸ் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வில் மொத்தம் 6.5 பெற்றிருந்தும், எழுத்துப் பகுதியில் 5.5 மட்டுமே வந்ததால், பட்டப்படிப்புக்கு முந்தைய பத்து வார ‘பிரீ-செஷனல்’ ஆங்கில வகுப்பில் தேறினால்தான் முதுகலையில் இடம் என்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உள்ள பல்கலைக்கழகம் நிபந்தனை விதித்திருக்கிறது. வகுப்பில் பெரும்பாலோர் சீன மாணவர்கள். இரண்டு சவூதிக்காரர்கள், ஒரு தாய்லாந்துப் பெண், நான். தேர்வில் 40 நிமிடத்தில் 250 சொற்களில் மனத்துக்குப் பட்டதை எழுதினால் போதுமாக இருந்தது. இங்கே எழுதும் ஒவ்வொரு கூற்றுக்கும் சான்று காட்ட வேண்டும்.

ஜூலை 19

நியூசிலாந்து மொழியியலாளர் ஆவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட ஆங்கிலக் கல்விசார் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதன் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) உள்ளன. எந்தத் துறையின் கலைச்சொல்லும் அல்லாமல், பல துறைக் கட்டுரைகளிலும் திரும்பத் திரும்ப வருபவை. பெரும்பாலானவற்றுக்கு எனக்குப் பொருள் தெரியும்; எந்தச் சொல் எதனோடு சேரும் என்பதுதான் தெரியவில்லை. ‘எவிடன்ஸ்’ (சான்று) என்பதைப் பன்மையாக்கி ‘எவிடன்சஸ்’ என்று நான்கு ஆண்டுகள் கல்லூரி அறிக்கைகளில் எழுதியிருக்கிறேன். அது அவ்வாறு பன்மை ஏற்காத சொல் என்று இன்றுதான் அறிந்தேன்.

ஜூலை 30

கண்மாய் தூர்வாருதல் பற்றிய என் முதல் வரைவில் இரண்டு பத்திகள் பிறர் எழுத்தோடு ஒத்த இடங்களைக் காட்டும் டர்னிட்டின் மென்பொருளில் வண்ணமிட்டு வந்தன. ஆய்வாளர் பெயரைக் குறிப்பிட்டிருந்தேன். ஆனால் அவருடைய வாக்கியங்களை மேற்கோள்குறி இல்லாமல் அப்படியே இறக்கியிருந்தேன். ஆசிரியை கடிந்துகொள்ளவில்லை. கட்டுரையை மூடச் சொன்னார், படித்ததை வாயால் சொல்லச் சொன்னார், பிறகு எழுதச் சொன்னார், கடைசியில்தான் மூலத்தைத் திறந்து ஒப்பிடவிட்டார். வரி பிசகாமல் ஒப்பித்தால் முழு மதிப்பெண் என்று பள்ளியில் பழகிய கைக்கு இது கடினம்தான். ஆயினும் முன்னோரைச் சுட்டிப் பேசுவது நமக்குப் புதிதன்று. தொல்காப்பியம் பல விதிகளில் ‘என்மனார் புலவர்’ என்கிறதே. அவர்கள் சொன்னதை என் வாக்கியமாக்கித் தருவதுதான் எனக்குப் புதிது.

ஆகஸ்ட் 14

‘தூர்வாரினால் நிலத்தடி நீர்மட்டம் உயரும்’ என்ற வரியில் ‘வில்’ (will) என்ற ஆங்கிலச் சொல்லைச் சுற்றி ஆசிரியை பென்சிலால் வட்டமிட்டு, ஓரத்தில் ‘எல்லாக் கண்மாயிலுமா?’ என்று கேட்டிருந்தார். எங்கள் ஊர்க் கண்மாயின் களிமண் தரை நினைவுக்கு வந்தது. அங்கே நீர் தேங்கும், எளிதில் கீழே இறங்காது. உறுதியாகச் சொல்லாமல் ‘மே’ (may) என்று எழுதுவதைக் கோழைத்தனம் என்றே இதுவரை எண்ணியிருந்தேன். கையிலுள்ள தரவு எவ்வளவு தாங்குமோ அவ்வளவே சொல்வதுதான் நேர்மை என்று இன்று படுகிறது. ‘உயரக்கூடும்’ என்று மாற்றி, மண்வகை பற்றி ஒரு பத்தி சேர்த்தேன்.

ஆகஸ்ட் 29

செமினாரில் பத்து நிமிடம் பேசினேன். முடிந்ததும் தாய்லாந்துத் தோழி, எத்தனை கண்மாய்களின் அளவீடுகளை வைத்து இந்த முடிவுக்கு வந்தேன் என்று கேட்டார். ஒன்று என்றேன். அதைக் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடலாமே என்றார். இரவு அந்த வரியைச் சேர்த்துவிட்டேன்.