மெழுகுக் கட்டியோடு கொழும்புக்கு

தம்பிக்கு முதல் வலிப்பு வந்தது தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை, யாழ்ப்பாணம் திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றபோது. 32 வயது. அதுவரை தலையிடி என்றுகூடச் சொன்னதில்லை. மூளையில் கட்டி. எம்ஆர்ஐ, சத்திரசிகிச்சை எல்லாம் ஆறு கிழமைக்குள் முடிந்துவிட்டன. எங்களை அலைக்கழித்தது அதற்குப் பிறகு வந்த பரிசோதனைகள்தான்.

முதல் ரிப்போட்டில் ‘அஸ்ட்ரோசைட்டோமா, தரம் 2’ என்று இருந்தது. நாலில் இரண்டுதானே என்று அம்மா அன்றைக்கே நல்லூரில் அர்ச்சனை செய்துவிட்டா. டொக்டரின் முகம் மட்டும் தெளியவில்லை. “பிள்ளை, இது நுணுக்குக்காட்டியில் தெரிகிற முகம். குணம் இனித்தான் பார்க்க வேணும்” என்றார்.

முன்பு கலங்களின் தோற்றத்தை வைத்தே தரம் போட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்படுத்தலில் மரபணுக்களுக்கும் அதில் பங்கு உண்டு. இந்த வகைக் கட்டியில் ஐடிஎச் மரபணு மாறாமல் இருந்து, டேர்ட், ஈஜிஎஃப்ஆர் போன்றவற்றில் குறிப்பிட்ட கோளாறு இருந்தால், பார்க்க எவ்வளவு சாதுவாக இருந்தாலும் அது கிளையோபிளாஸ்டோமா, மிக மோசமான தரம் 4. ஐடிஎச் மாறியிருந்தாலும், சிடிகேஎன்2ஏ/பி என்ற மரபணுக்களின் இரண்டு பிரதிகளும் தொலைந்திருந்தால் அதுவும் தரம் 4. இதைக் கேட்டபின் அம்மாவிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் வீட்டுக்குப் போகும் வழியில் இரண்டு தரம் சைக்கிளை நிறுத்தினேன்.

முதலில் செய்தது நிறமூட்டிப் பார்க்கும் பரிசோதனை. மரபணு என்ன புரதத்தை உண்டாக்குகிறது என்பதை நிறம் காட்டிக்கொடுக்கும். நோயியல் டொக்டர் என்னையும் கூப்பிட்டுக் காட்டினா. ஒரு கண்ணாடித் தகட்டில் கட்டிக் கலங்கள் எல்லாம் மண்ணிறம்: மாறிய ஐடிஎச் புரதம் இருக்கிறது. அடுத்த தகடு ஏரிஆர்எக்ஸ் என்ற இன்னொரு புரதத்துக்கு. அதில் கட்டிக் கலங்களின் கருக்கள் வெறும் நீலம், நடுவே ஓடிய இரத்தக் குழாயின் கருக்கள் மட்டும் மண்ணிறம். “குழாயில நிறம் பிடிச்சிருக்கு, அப்ப மருந்தில பிழை இல்லை. கட்டிதான் அந்தப் புரதத்தைத் தொலைச்சிருக்கு” என்றா. ஐடிஎச் மாற்றமும் ஏரிஆர்எக்ஸ் இழப்பும் சேர்ந்தால் அஸ்ட்ரோசைட்டோமா என்பது உறுதி. குரோமோசோம் துண்டுகள் தொலைந்திருக்கிறதா என்று பார்க்கும் 1பி/19க்யூ பரிசோதனை தேவைப்படாது. படிவத்தில் அந்த வரியைப் பேனையால் வெட்டிவிட்டா. அம்மாவின் சீட்டுக் காசில் ஒரு பங்கு அந்தக் கோட்டில் தப்பியது.

மிச்சப் பரிசோதனைகளுக்குக் கட்டித் துண்டு பதித்த மெழுகு பிளொக்கைக் கொழும்பில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் கொடுக்க வேண்டும். பெருவிரல் அளவு பிளாஸ்டிக் கூடு, அதில் வெள்ளை மெழுகு, நடுவில் பருப்பளவு தம்பி. சித்திரை வெயிலில் மெழுகு இளகிவிடும் என்ற பயத்தில் பஞ்சு சுற்றி, சோற்றுப் பெட்டிக்குள் வைத்து, இரவு பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தேன். வவுனியாவில் தேத்தண்ணிக்குக்கூட இறங்கவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து அழைத்தார்கள்: இந்த பிளொக்கில் கட்டி போதாது, பெரும்பாலும் சாதாரண மூளைத்திசு. எடுத்துத் தந்தவர்கள் பல பிளொக்குகளில் கைக்கு வந்த ஒன்றைத் தந்திருக்கிறார்கள். எனக்கும் கேட்கத் தெரியவில்லை. இதை வாசிக்கிறவர்கள் யாராவது பிளொக் எடுக்கப் போனால், கட்டி எதில் அதிகம் என்று நோயியல் டொக்டரிடமே கேட்டு, அந்த எண்ணைத் துண்டில் எழுதி வாங்குங்கள். இரண்டாம் முறை நான் அப்படித்தான் செய்தேன்.

ரிப்போட் ஒரு வெள்ளி இரவு போனுக்கு வந்தது. ‘எம்ஜிஎம்டி மெதிலேஷன்: பொசிட்டிவ்.’ பொசிட்டிவ் என்றால் எங்கள் வீட்டில் கெட்ட செய்தி. டெங்கு முதல் கொரோனா வரை அப்படித்தானே பழகியிருக்கிறோம். திங்கட்கிழமை வரை யாருக்கும் காட்டவில்லை, சரியாகச் சாப்பிடவுமில்லை.

டொக்டர் பார்த்துவிட்டுச் சிரித்தார். டெமோசோலோமைட் மாத்திரை கட்டியின் டிஎன்ஏயைப் பழுதாக்கும். எம்ஜிஎம்டி புரதம் அந்தப் பழுதைத் திருத்திவிடும். மெதிலேஷன் என்பது அந்த மரபணுவின் வாயில் போட்ட பூட்டு. மரபணு இருக்கும், பேசாது. அதனால் மருந்து நன்றாக வேலைசெய்ய இடம் உண்டு. சிடிகேஎன்2ஏ/பி தொலையவில்லை. தரம் 2 தரம் 2ஆகவே நின்றது. கதிர்ச் சிகிச்சை, அப்புறம் மாத்திரை என்று திட்டம் எழுதினார். “சுகம் என்று சொல்லேல்லை பிள்ளை, காலம் கிடைச்சிருக்கு” என்றும் சொன்னார்.

பிளொக்கைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்துப் போடப் போனபோது தம்பியும் வந்தான். சோற்றுப் பெட்டியைத் திறந்து கொஞ்சநேரம் பார்த்தான்.

“இவ்வளவுதானோ அக்கா?”

“இவ்வளவுதான்.”

“அப்ப நான் மோட்டார் சைக்கிள் ஓடலாமோ?”

வலிப்பு வந்தவன் இப்போதைக்கு ஓடக்கூடாது என்று டொக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். திறப்பு என் கைப்பையில்தான் இருந்தது.